‘பிடிக்கும்’ என்றால் போதாதா? ஹீல்ஸ் அணியும் ஆண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பிமார்களே,

உங்கள் பெயரும் ஊரும் எனக்குத் தெரியாது. செருப்பு அளவை மட்டும் ஓரளவு ஊகிக்க முடியும்: 8-க்கு மேல். பெண்களுக்கான ஹீல்ஸ் பெரும்பாலான கடைகளில் அந்த அளவோடு நின்றுவிடும். அதற்கு மேல் கேட்டால் கடைப்பையன் “யாருக்கு சார்?” என்பான். “தங்கச்சிக்கு” என்பீர்கள். தங்கச்சிக்கு இவ்வளவு பெரிய காலா என்று அவன் யோசிப்பதற்குள் பில்லைக் கட்டிவிட்டு வெளியே வந்துவிடுவீர்கள்.

யாருக்கு எழுதுகிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மேடையில் பெண் வேடமிட்டு ஆடுகிற கலைஞர்களுக்கு ஹீல்ஸ் தொழிற்கருவி. அவர்களுக்கு இந்த மடல் தேவையில்லை. திருநங்கைகள் பெண்கள், தங்கள் செருப்புக்கு அவர்கள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுதுவது, காலையில் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு ஆபீஸ் போகிற, பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வருகிற, வீட்டுக்கடன் கட்டுகிற, தான் ஆண் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லாத ஆண்களுக்கு. அந்தக் காலில் நான்கு அங்குல ஹீல்ஸை மாட்டியதும் முதுகு நிமிர்ந்து, நடை மாறி, மனம் லேசாகிறவர்களுக்கு. இப்படிப்பட்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கவனித்தால் ஒன்று தெரியும். செருப்பைப் பற்றிய பேச்சு கொஞ்சம்தான், மீதியெல்லாம் மனைவியைப் பற்றி. சொல்லிவிட்டாயா? எப்படிச் சொன்னாய்? அழுதாளா? ஒத்துக்கொண்டாளா?

அந்த மனைவியைப் பற்றித்தான் நானும் பேச வந்திருக்கிறேன். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

மனைவியிடம் பேசப் போகும்போது நீங்கள் முதலில் துணைக்கு அழைப்பது வரலாற்றை. அது எனக்கும் தெரியும். குதி உயர்ந்த காலணியை முதலில் போட்டவர்களில் பாரசீகக் குதிரை வீரர்கள் உண்டு. அங்கவடியில் கால் வழுக்காமல் ஊன்றி, எழுந்து நின்று அம்பு விட அந்தக் குதி உதவியது. பாரசீக அரசர் ஷா அப்பாஸ் 1599-இல் ஐரோப்பாவுக்குத் தூதுக்குழு அனுப்பினார். அந்தக் காலத்தையொட்டிப் பாரசீக மோகம் அங்கே பரவ, பிரபுக்கள் காலிலும் குதி முளைத்தது. பிரான்சின் பதினான்காம் லூயியை இயாசிந்த் ரிகோ 1701-இல் வரைந்த ஓவியத்தில், அறுபதைத் தாண்டிய அரசர் வெள்ளைக் காலுறையும் சிவப்புக் குதி வைத்த காலணியுமாக, அங்கியை விலக்கித் தன் காலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கனடாவில் டொரான்டோ நகரத்து பாட்டா காலணி அருங்காட்சியகம் 2015-இல் ஹீல்ஸ் போட்ட ஆண்களின் வரலாற்றுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது.

எல்லாம் சரி. ஆனால் இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வருகிறவள் முன்னால் பதினான்காம் லூயியைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவள் என்ன செய்வாள்? லூயி ராஜா. ராஜா எதைப் போட்டாலும் ஊர் அதையே போடும். அவர் பெண்டாட்டியைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி இளிக்கவில்லை. நீங்கள் ராஜா இல்லை என்பது உங்கள் மனைவிக்கு நன்றாகத் தெரியும்.

அதே வரலாற்றில் நீங்கள் தாண்டிப்போகிற பக்கம் ஒன்று உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஆணைப் பார்த்துத்தான் ஐரோப்பியப் பெண்கள் குதி உயர்ந்த காலணியைப் போட ஆரம்பித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆண்கள் அதைக் கழற்றிவிட்டார்கள். காலணி மட்டுமா? பட்டு, சரிகை, பொய்முடி, பவுடர் எல்லாவற்றையும் அடுத்த சில தலைமுறைகளில் துறந்தார்கள். உளவியலாளர் ஃப்ளூகல் 1930-இல் இதற்கு ஆண்களின் பெருந்துறவு என்று பொருள்படும்படி பெயர் வைத்தார். ஆண் என்றால் அறிவு, உழைப்பு, பயன்; அலங்காரமும் அசட்டுத்தனமும் பெண்ணுக்கு என்று ஒரு பாகப்பிரிவினை நடந்தது. குதி பெண்ணின் பங்குக்குப் போனது. அன்றிலிருந்து அதைத் திருப்பிக் கேட்கிற ஆண் ஒரு படி இறங்கியவனாகத் தெரிகிறான். பெண் பேண்ட் போட்டால் முன்னேற்றம், ஆண் ஹீல்ஸ் போட்டால் சிரிப்பு. அந்தச் சிரிப்பு உங்களைப் பார்த்து வருகிறது என்று நினைக்கிறீர்கள். பெண்ணுடைய எதுவும் ஆணுக்குக் கேவலம் என்ற நினைப்பிலிருந்து அது வருகிறது. அந்த நினைப்பு முதலில் சுடுவது உங்கள் மனைவியை.

நம் ஊரிலேயே ஒரு விதிவிலக்கு நடந்தது, நினைவிருக்கிறதா? 1970-களின் கல்லூரி குரூப் போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். யானைக்கால் பேண்ட் என்று கிண்டல் செய்யப்பட்ட பெல்பாட்டம், அதன் அடியில் கட்டைக் குதி வைத்த ஷூ. இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்ட எத்தனையோ பேர் அன்று டக் டக்கென்று ஓசையெழுப்பி நடந்தவர்கள். யாரும் அவர்கள் ஆண்மையைச் சந்தேகிக்கவில்லை. யாரும் வீட்டில் உத்தரவு கேட்கவில்லை. தெருவே போட்டதால் வீட்டில் கேள்வி இல்லை. நீங்கள் தெருவில் தனியாக இருப்பதால்தான் வீட்டில் அனுமதி கேட்டு நிற்கிறீர்கள். ஊர் தராததை ஒருத்தி தர வேண்டும் என்கிறீர்கள்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். ஆண் ஹீல்ஸ் போடுவதை இந்த உலகம் எப்போதும் வெறுப்பதில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் பெயர்ட் என்பவர் 2001-இல் ஓர் ஊர்வலத்தைத் தொடங்கினார். பெண்கள் மீதான வன்முறையைக் கண்டித்து ஆண்கள் பெண்களின் ஹீல்ஸை மாட்டிக்கொண்டு ஒரு மைல் நடக்க வேண்டும். பல ஊர்களுக்கு அது பரவியது. மனைவியும் மகளும் ஓரத்தில் நின்று கைதட்டிப் படம் எடுக்கிறார்கள். நம் பக்கத்துக்கு வாருங்கள். குலசேகரன்பட்டினத்து தசராவில் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஆண்கள் காளியாகவும் குறத்தியாகவும் வேடம் கட்டுகிறார்கள். சேலை, வளையல், சடை எல்லாம் உண்டு. வீட்டுப் பெண்களே கொசுவம் மடித்து விடுவார்கள். கேலி பேச ஒருவருக்கும் வாய் வராது.

தர்மத்துக்காகப் போடலாம். சாமிக்காகப் போடலாம். சினிமாவுக்காக, சம்பளத்துக்காக, பந்தயத்தில் தோற்றதற்காக, நாலு பேர் சிரிப்பதற்காகப் போடலாம். “எனக்குப் பிடிக்கும், அதனால் போடுகிறேன்” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், அறை அமைதியாகிவிடும். போட்டது பிரச்சினையில்லை, ரசித்தது பிரச்சினை. மற்றக் காரணங்களுக்கெல்லாம் ஒரு முடிவு உண்டு: ஊர்வலம் முடிந்தால், கொடி இறங்கினால், படப்பிடிப்பு முடிந்தால் கழற்றிவிடலாம். ரசனைக்கு முடிவு தேதி கிடையாது. அது எதுவரை போகும் என்பது தெரியாததால்தான் உங்கள் மனைவி பயப்படுகிறாள். அந்தப் பயத்தை நீங்கள் கோழைத்தனம் என்றோ பிற்போக்கு என்றோ எடுத்துக்கொண்டால், உங்களுக்கு முன்னால் ஒருவர் செய்த தவறையே செய்கிறீர்கள்.

அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு சிறு சங்கம் உருவானது. காலுறை, ஹீல்ஸ் என்ற இரண்டின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். தொடங்கியவர் வர்ஜினியா பிரின்ஸ். 1960-இலேயே பெண் உடை விரும்பும் ஆண்களுக்கென்று ‘டிரான்ஸ்வெஸ்டியா’ என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். பின்னாளில் முழுநேரமும் பெண்ணாகவே வாழ்ந்தவர். அந்தக் காலத்தில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் மாற்றுப்பால் உடை உடுத்தியதற்காகவே கைது செய்யச் சட்டம் இடம் கொடுத்தது. சான் பிரான்சிஸ்கோவின் 1863-ஆம் ஆண்டுச் சட்டம் 1974 வரை உயிரோடு இருந்தது. அப்படிப்பட்ட சூழலில் முன்பின் தெரியாத ஆண்கள் ஒருவரை ஒருவர் எப்படி நம்புவது? வந்தவர் போலீஸ்காரராக இருந்தால்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முதல் கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு பையில் காலுறையும் ஹீல்ஸும் எடுத்துவர வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் அவற்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் மாட்டினால் எல்லோரும் மாட்டுவார்கள். அதன் பிறகு யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க முடியாது.

இந்தக் காட்சியை நான் மிகவும் மதிக்கிறேன். சமமான ஆபத்து, சமமான நம்பிக்கை. ஆனால் கூட்டம் முடிந்து ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போனபோது அங்கே இந்தச் சமத்துவம் இல்லை. மனைவிக்கு ஒரு பையும் கிடையாது. அவளிடம் மட்டும் ஒரு நாள் ரகசியத்தை இறக்கி வைத்துவிட்டு, ஏற்றுக்கொள் என்றார்கள். பிரின்ஸின் முதல் திருமணம் இந்த விஷயத்தாலேயே முறிந்திருந்தது. 1967-இல் அவர் மனைவிமாரைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். கணவனின் உடை ஆசையை ஏற்கிற அளவை வைத்து மனைவிகளை ஏ-யிலிருந்து எஃப் வரை தரம் பிரித்தார். கூடவே கடைக்கு வந்து அளவு பார்த்து வாங்கித் தருகிறவள் மேல்தட்டு, முகம் சுளித்துப் பொறுத்துக்கொள்கிறவள் நடுவில், முடியவே முடியாது என்கிறவள் தோற்றவள் என்கிற போக்கில்.

அறுபது வருஷத்துக்கு முந்தைய சமாசாரம் என்று தள்ளிவிடாதீர்கள். “என் மனைவி ரொம்ப ஓபன் மைண்டட்”, “அவன் மனைவி சரியான பழைய பஞ்சாங்கம்” என்று இன்றும் உங்களுக்குள் ரேங்க் கார்டு எழுதிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அந்தக் கார்டில் ஒரே ஒரு பாடம்தான் இருக்கிறது: உங்கள் ஆசைக்கு அவள் எவ்வளவு இடம் கொடுத்தாள். பரீட்சை இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. பாடத்திட்டத்தைப் பல வருஷம் பீரோ மேல் சூட்கேஸுக்குள் ஒளித்து வைத்திருந்தவர் நீங்கள். மதிப்பெண் மட்டும் அவளுக்கு!

முதல் தரம் வாங்கிய மனைவிகள் என்ன செய்தார்கள் என்றும் பார்ப்போம். அதே காலத்தில் நியூயார்க் மாநிலத்து கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ‘காஸா சூசன்னா’ என்ற விடுதி இருந்தது. வார இறுதிகளில் மணமான ஆண்கள், குடும்பத்தலைவர்கள், பெரிய வேலையில் இருந்தவர்கள் அங்கே வந்து, பாவாடையும் ஹீல்ஸுமாக நடந்து, காபி குடித்து, சீட்டாடி, புகைப்படம் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கோட்டு சூட்டுக்குத் திரும்பினார்கள். சிலர் மனைவியையும் அழைத்து வந்தார்கள். அந்தப் படங்கள் பல வருஷம் கழித்து மன்ஹாட்டன் பழம்பொருள் சந்தையில் கண்டெடுக்கப்பட்டு 2005-இல் புத்தகமாயின. 2022-இல் செபாஸ்டியன் லிஃப்ஷிட்ஸ் ஓர் ஆவணப்படமும் எடுத்தார். விடுதியின் பெயரில் இருப்பது சூசன்னா, அதாவது அதை நடத்திய தம்பதியில் கணவர். மனைவி மரீ மன்ஹாட்டனில் விக் கடை நடத்தியவர். விருந்தாளிகளுக்கு விக் தந்தவர், கணவரோடு சேர்ந்து விடுதியை நடத்தியவர். அந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் கணவர்களின் துணிச்சலைத்தான் பேசுகிறார்கள். எனக்கு மரீயின் உழைப்பு கண்ணில் படுகிறது. ஆணுடைய சுதந்திரத்துக்குப் பின்னால் அடுப்படியில் ஒருத்தி நிற்பது ஹீல்ஸ் விஷயத்திலும் மாறவில்லை.

இப்போது செருப்புக்கு வருவோம். நீங்கள் ஆசையாகப் பார்க்கிற அதே பொருளை அவள் எப்படிப் பார்க்கிறாள்? லண்டனில் ஒரு வரவேற்பாளர் 2015 டிசம்பரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தட்டைச் செருப்போடு வந்ததற்காகச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஹீல்ஸைக் கட்டாயமாக்கக் கூடாது என்று நிக்கோலா தார்ப் என்ற அந்தப் பெண் தொடங்கிய மனுவில் 1,50,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போயும் அரசு சட்டத்தை மாற்றவில்லை. ஜப்பானில் 2019-இல் யூமி இஷிகாவா அதே கோரிக்கையோடு இயக்கம் தொடங்கினார். வேலையிடத்தில் ஹீல்ஸை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பிலிப்பைன்ஸ் நாடும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் 2017-இல் விதி செய்தன. விதி செய்ய வேண்டிய அளவுக்குத் தொல்லை இருந்திருக்கிறது என்று அர்த்தம். ஹீல்ஸ் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். உடம்பும் சும்மா இருப்பதில்லை. நெடுநாள் ஹீல்ஸ் அணிந்த பெண்களின் கெண்டைக்கால் தசையிழைகள் சுமார் 13 சதவீதம் குட்டையாக இருந்ததாக மான்செஸ்டர் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வொன்று 2010-இல் வெளியானது. நாள்பட ஹீல்ஸ் போட்டவர்களில் தட்டைச் செருப்புக்கு மாறினாலே கால் வலிக்கிறது என்கிறவர்கள் உண்டு.

ஆக, வாசலில் கழற்றி எறிந்தால் அவளுக்கு நிம்மதி. கதவைச் சாத்திக்கொண்டு மாட்டினால் உங்களுக்கு நிம்மதி. அவளுக்குச் சட்டமாக வந்தது உங்களுக்குக் கொண்டாட்டமாக வருகிறது. நீங்கள் கண்ணாடி முன்னால் ரசித்து நிற்பதைப் பார்த்து அவளுக்கு வருவது அருவருப்புதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கலாம். கடமையில்லாமல் அலங்காரம் செய்துகொள்கிற சுகம் அவளுக்கு எத்தனை தடவை வாய்த்தது?

நம் வீடுகளின் கதையை யோசியுங்கள். இருபது முப்பது வருஷத்துக்கு முன்னால், சேலை கட்டிக்கொண்டிருந்த மருமகள் சுடிதார் போட எவ்வளவு பேரிடம் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது? “உங்க வீட்ல ஒத்துக்குவாங்களா?” என்று கேட்டுக்கொண்டுதான் பெண்கள் ஒவ்வொரு உடைக்கும் மாறினார்கள். பஸ்ஸில் போக வசதி, குழந்தையைத் தூக்க வசதி, வண்டி ஓட்ட வசதி என்று காரணம் காரணமாக அடுக்கிய பிறகுதான் கிடைத்தது. பிடிக்கும் என்பதை அவர்களால் காரணமாகச் சொல்லவே முடியவில்லை. சொன்னவள் வாயாடி. முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள ஆசைப்பட்டவள், தனியாக ஊர் சுற்ற ஆசைப்பட்டவள், கல்யாணத்துக்குப் பிறகும் ஆட ஆசைப்பட்டவள் எல்லோருக்கும் அதே கதை. இன்று நீங்கள் அவளிடம் போய், எனக்குப் பிடிக்கும், அதுவே போதுமான காரணம் என்று ஒத்துக்கொள் என்கிறீர்கள். கோரிக்கை நியாயமானது. முழுக்க நியாயமானது. ஆனால் உங்கள் வீட்டில் அது இதுவரை செல்லுபடியான காரணமாக இருந்திருக்கிறதா? அவள் சொன்னபோது நீங்கள் ஏற்றுக்கொண்டீர்களா, அம்மா என்ன நினைப்பார்கள் என்றீர்களா?

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதிப் பேச்சு முடிந்துவிடும். மீதிப் பாதி அவள் கேட்கப்போகும் கேள்விகள்.

“நீங்க கே-யா? பொம்பளையா மாறணும்னு ஆசையா?” என்பதில்தான் பெரும்பாலும் தொடங்கும். கோபப்படாதீர்கள், அவளுக்குக் கேட்க உரிமை உண்டு. செருப்பு ஆசைக்கும் யாரைக் காதலிக்கிறோம் என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஜெர்மனியில் வாழும் அமெரிக்கர் மார்க் பிரையன் ரோபோ பொறியாளர், மணமானவர், தந்தையும்கூட. மேலே சட்டை, கீழே பென்சில் ஸ்கர்ட்டும் ஹீல்ஸுமாக வேலைக்குப் போகிற படங்களைத் தானே வெளியிட்டு 2020 வாக்கில் உலகம் முழுக்கப் பேசப்பட்டவர். அவர் தன்னை ஆண் என்றும் மனைவியை நேசிப்பவர் என்றும்தான் சொல்கிறார். ஆனால் உங்கள் பதில் உங்களுடையதாக இருக்க வேண்டும். வெறும் அழகுக்காகவா, அந்த நடையின் கம்பீரத்துக்காகவா, அதில் உடல் சார்ந்த கிளர்ச்சி உண்டா, மனத்துக்குள் பால் அடையாளம் பற்றிய கேள்வி ஏதும் உறங்குகிறதா? ஒவ்வொன்றும் வேறு வேறு. “சும்மா ஃபேஷன்தான்” என்று மழுப்பிவிட்டு, உண்மை வேறாக இருந்து, அதை அவளே ஒரு நாள் கண்டுபிடித்தால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டாள். உங்களுக்கே பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதுவும் பதில்தான்.

“இது நோயா?” என்று கேட்பாள். இல்லை. உடை, காலணி சார்ந்த ஆசை பாலுணர்வோடு கலந்திருந்தாலும்கூட, அதனால் அவருக்கே பெரும் மனவேதனையோ வாழ்க்கையில் பாதிப்போ வந்தால்தான் கோளாறு என்கிறது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், மாற்றுப்பால் உடையில் கிளர்ச்சி கொள்வதைத் தனி நோயாக வைத்திருந்த பழைய தலைப்பே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே குணப்படுத்துகிறேன் என்று பணம் பிடுங்குகிறவர்களிடம் போகாதீர்கள். இருவரும் சேர்ந்து பேச ஆள் வேண்டுமென்றால் நல்ல மனநல ஆலோசகரிடம் போகலாம். கணவனைத் திருத்துவதற்காகப் போகாமல், இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பதற்காக.

“என்கிட்ட ஏன் இத்தனை வருஷம் சொல்லல?” இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. இதற்கு வரலாறும் மருத்துவமும் உதவாது. பயம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள். திருமணம் பேசிக்கொண்டிருக்கிற தம்பிமார்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை: தாலி கட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். இடம் தட்டிப்போனால் போகட்டும். அவளுக்குத் தெரிந்து சம்மதித்தால் அது சம்மதம். தெரியாமல் மாட்டிக்கொண்டு பொறுத்துக்கொண்டால் அது வேறு.

“யாராவது பார்த்துட்டா?” என்பாள். இங்கேதான் நீங்கள் அவள் நிலையில் நிற்க வேண்டும். அபார்ட்மென்ட் லிஃப்டில் ஒருவர் பார்த்துவிட்டால் உங்களுக்கு விசித்திரமானவர் என்று பெயர் வரும். அவளுக்கு, புருஷனைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று பெயர் வரும். பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் நின்று அந்தப் பேச்சைக் கேட்கப்போகிறவள் அவள்தான். மார்க் பிரையன் தன் முகத்தையும் பெயரையும் வெளியே வைத்து அந்தச் சிரிப்பை எதிர்கொண்டார். எல்லோராலும் முடியாது, எல்லோரும் செய்ய வேண்டியதும் இல்லை. ஆனால் தெருவைச் சந்திக்கிற துணிச்சல் உங்களுக்கு இல்லாதபோது, தெருவுக்குப் பயப்படுகிறாய் என்று அவளைக் குறை சொல்லாதீர்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். முதல் விதி: அவளுடைய செருப்பைப் போடாதீர்கள். வார் இழுபட்டு, குதி ஆட்டம் கண்டு, யார் போட்டது என்று அவள் குழம்பி நிற்பதில் ஆரம்பித்த சண்டைகள் ஏராளம். இது வெறும் அளவுப் பிரச்சினையும் இல்லை. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் ஏர்ல்ஸ் பார்ட்டன் என்ற சிற்றூரில் ஆண்களுக்கான ஷூ செய்துவந்த பழைய குடும்பத் தொழிற்சாலை ஒன்று 1990-களில் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தது. ஆண்கள் அளவில் பெண்கள் காலணி கிடைக்குமா என்று ஒரு கடையிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு அதன் உரிமையாளர் ஸ்டீவ் பேட்மனை யோசிக்க வைத்தது. ஆண் உடம்பின் எடைக்கு மெல்லிய குதி தாங்காது. அகன்ற பாதத்துக்கு அச்சை மாற்ற வேண்டும், உள்ளே இரும்புப் பட்டையை வலுப்படுத்த வேண்டும். அவர் அதைச் செய்தார். விளம்பரப் படத்துக்குக் கால் முடியை மழித்துக்கொண்டு தானே மாடலாகவும் நின்றார். அதிலிருந்துதான் 2005-இல் ‘கிங்கி பூட்ஸ்’ திரைப்படமும், 2013-இல் டோனி விருதுகளை அள்ளிய பிராட்வே இசை நாடகமும் பிறந்தன. உங்கள் ஆசையைக் கேலியாக்காமல் ஒரு வாடிக்கையாளரின் தேவையாக எடுத்துக்கொண்டு அளவெடுத்த மனிதர் அவர். நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவில், உங்கள் பணத்தில், முதலில் இரண்டு அங்குலத்தில், கட்டையான குதியாகப் பார்த்து வாங்குங்கள். கணுக்கால் பிசகினால் டாக்டரிடம் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

பிறகு எங்கே, எப்போது, யார் முன்னால் என்பதை இருவரும் சேர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வீட்டில் மட்டும் என்று அவள் சொல்லலாம். குழந்தைகள் தூங்கிய பிறகு என்று சொல்லலாம். போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் படுக்கையறைக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். என் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றும் சொல்லலாம். சில மனைவிகள் சேர்ந்து கடைக்கு வந்து, இந்த நிறம் உங்களுக்கு எடுக்காது என்று சொல்கிற அளவுக்குப் போகிறார்கள். சிலர் எவ்வளவு யோசித்தும் முடியவில்லை என்று விலகுகிறார்கள். விலகுகிறவள் பத்தாம்பசலி என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஈர்ப்பை யாரும் யாருக்கும் உத்தரவிட முடியாது. உங்கள் ஆசைக்கு விளக்கம் தேவையில்லை என்றால், அவளுக்கு வராத ஆசைக்கும் விளக்கம் தேவையில்லை.

உங்கள் மனைவி இந்த மடலைப் படிக்க நேர்ந்தால் அவளுக்கும் ஒன்று சொல்வேன். அம்மா, குடிப்பது, அடிப்பது, கடன் வைப்பது எல்லாவற்றையும் ஆம்பளை அப்படித்தான் இருப்பான் என்று மன்னிக்கச் சொல்லிக்கொடுத்த ஊர் இது. ஒரு செருப்பை மட்டும் மன்னிக்க முடியாத குற்றம் என்று அதே ஊர் சொன்னால், அந்தத் தீர்ப்பைச் சற்று நிறுத்தி வைத்துவிட்டு உன் மனத்தைக் கேள். ஊர் பேச்சுக்காக முடியாது என்கிறாயா, உனக்கே முடியவில்லையா என்று பிரித்துப் பார். முதலாவதாக இருந்தால் இருவரும் சேர்ந்து ஊரைச் சமாளிக்கலாம். இரண்டாவதாக இருந்தால் அதைத் தைரியமாகச் சொல்.

அண்ணன்மார்களே, தம்பிமார்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஹீல்ஸைப் பற்றி அவளிடம் பேசுவதற்கு முன்னால் வேறொன்றைப் பேசுங்கள். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவள் மடித்து வைத்துவிட்ட ஆசைகள் என்னென்ன என்று கேளுங்கள். உடையோ வேலையோ பயணமோ தோழிகளோ, எதுவாக இருந்தாலும், அவளுக்குப் பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காக அதற்கு இடம் விடுங்கள். அம்மா எதிர்த்தால் அவள் பக்கம் நில்லுங்கள். இதைப் பேரமாகச் செய்யாதீர்கள். அதை உனக்குத் தந்தேன், இதை எனக்குத் தா என்று மறுநாளே கணக்குப் பார்த்தால் அவளுக்குப் புரிந்துவிடும். அந்த வழக்கம் வீட்டில் ஊறிய பிறகு உங்களுடையதைச் சொல்லுங்கள். அவள் ஏற்கலாம், பாதி ஏற்கலாம், மறுக்கலாம். எதுவானாலும் அது அவளுடைய பதில், அதற்கு மதிப்பெண் போடும் வேலை உங்களுக்கில்லை. ஆனால் காரணம் கேட்காமல் அவள் விருப்பங்களுக்கு இடம் கொடுத்த வீட்டில், உங்கள் விருப்பத்துக்கும் இடம் கிடைக்கக் கூடுதல் வாய்ப்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரி ஒருத்தி